எக்ஸ்எம்எல் கோப்பைக் கணக்கு நோட்டாக மாற்ற: லிங்கராஜபுரத்திலிருந்து சில குறிப்புகள்

லிங்கராஜபுரத்தில் ஆயில் மில் ரோட்டை ஒட்டிய கிராஸ் ஒன்றில் எங்கள் வீடு. பகலில் அக்கம்பக்கத்துக் கடைகள் நான்கைந்துக்கு டேலியில் கணக்கு எழுதித் தருகிறேன். இரவுச் சாப்பாடு முடிந்தபின் வீட்டுக் கணக்கு. இரண்டு வேலையிலும் என் கைக்கு வருவது எக்ஸ்எம்எல் கோப்புகள்தான். போனில் எடுத்த எஸ்எம்எஸ் பேக்கப், ஆதார் ஆஃப்லைன் கேஒய்சி, டேலிக்குள் ஏற்ற வேண்டிய வவுச்சர் எல்லாமே இந்த உருவில்தான் வருகின்றன. கீரைக்காரம்மாவுக்கு யூபிஐயில் இருபது ரூபாய் அனுப்பினால்கூட, வங்கிகளுக்கு நடுவே ஓடுவது எக்ஸ்எம்எல் செய்திதான்.

வேண்டிய விவரம் அத்தனையும் அந்தக் கோப்புக்குள் இருக்கும். ஆனால் கட்டம் கட்டமாக வரிசையில் நிற்காது. ஒவ்வொன்றாகக் காப்பி செய்து எக்செல்லில் ஒட்டியே மாதத்தில் இரண்டு மூன்று இரவு போய்க்கொண்டிருந்தது. எந்த டேக்கில் இருப்பது எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்பதைத் தனியாக ஒரு தாளில் எழுதி வைத்த பிறகுதான் எனக்கு விடிவு வந்தது. அந்தத் தாளை எப்படி எழுதுவது, எங்கெங்கே சறுக்கும் என்பதையெல்லாம் சொல்கிறேன்.

1. எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் நோட்பேடில் திறந்து பத்து வரி படியுங்கள். 1998 பிப்ரவரி 10 அன்று எக்ஸ்எம்எல் அதிகாரபூர்வமான தரமாக வந்ததிலிருந்தே, மனிதர் கண்ணாலும் படிக்க முடிய வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. டேக்கின் பெயரைத் தமிழிலேயே வைக்கவும் தடையில்லை. நான் பழகுவதற்காக எழுதிக்கொண்டது இது:

<செலவு தேதி="2025-08-17">
<கடை>மளிகை</கடை>
<தொகை>1,250.00</தொகை>
</செலவு>

விவரம் இரண்டு இடங்களில் இருப்பதைப் பாருங்கள். கடையும் தொகையும் டேக்குகளுக்கு நடுவே இருக்கின்றன. தேதியோ டேக்கின் உள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. எஸ்எம்எஸ் பேக்கப் கோப்பில் அனுப்பியவர், நேரம், செய்தி எல்லாமே இப்படி டேக்கின் உள்ளேதான் இருக்கும். நடுவில் ஒன்றுமில்லையே, கோப்பு காலியோ என்று பயந்துவிட வேண்டாம்.

2. இப்போது விதித்தாள். ஒரு தாளிலோ எக்செல்லின் தனி ஷீட்டிலோ நான்கு பத்தி போடுங்கள்: எங்கிருந்து எடுப்பது, எந்தக் கட்டத்தில் வைப்பது, வைக்கும் முன் என்ன மாற்றுவது, கிடைக்காவிட்டால் என்ன செய்வது. மேலே உள்ள செலவுக்கு என் தாளில் மூன்றே வரி. செலவு டேக்கின் தேதி, நாள் என்ற கட்டத்துக்கு; வருடம்-மாதம்-நாள் என்பதை நாள்-மாதம்-வருடமாகத் திருப்பு; இல்லாவிட்டால் அந்தப் பதிவை நிறுத்தி வை. கடை டேக், யாருக்கு என்ற கட்டத்துக்கு. முன்பின் இடைவெளியை வெட்டு. இல்லாவிட்டால் "தெரியவில்லை" என்று எழுது. தொகை டேக், ரூபாய் கட்டத்துக்கு. காற்புள்ளியை நீக்கி எண்ணாக்கு. இல்லாவிட்டால் நிறுத்தி வை.

இந்த நான்காவது பத்தியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் பாதிக் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. காலியாக வந்த தொகையைப் பூஜ்யம் என்று போட்டால், அன்றைக்குச் செலவே இல்லை என்று கணக்கு சாதிக்கும். விவரம் வரவில்லை என்பதும், வந்த விவரம் பூஜ்யம் என்பதும் ஒன்றல்ல.

விதியை ஃபார்முலாவுக்குள்ளோ மேக்ரோவுக்குள்ளோ புதைத்து வைக்காதீர்கள். வெளியே, கண்ணில் படும்படி இருக்கட்டும். நாளைக்கு வங்கி தன் செய்தியின் வார்த்தையை மாற்றினால் தாளில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். மற்ற எதையும் தொட வேண்டியதில்லை.

3. எது ஒரு பதிவு என்பதை ஆரம்பத்திலேயே முடிவு செய்யுங்கள். ஒரு பில்லில் அரிசி, பருப்பு, எண்ணெய் என்று மூன்று பொருள் இருந்தால், பில்லுக்கு ஒரு வரியா, பொருளுக்கு ஒரு வரியா? மாதச் செலவு மட்டும் தெரிந்தால் போதும் என்றால் பில்லுக்கு ஒரு வரி. எண்ணெய் விலை எப்படி ஏறியது என்று பார்க்க வேண்டுமானால் பொருளுக்கு ஒரு வரி. இரண்டாவது வகையில் பில் எண்ணையும் தேதியையும் மூன்று வரியிலும் திருப்பி எழுத வேண்டும். ஆனால் பில்லின் மொத்தத் தொகையை மூன்றிலும் எழுதினால் கூட்டும்போது செலவு மும்மடங்காகிவிடும். மொத்தத்தை வேறு ஷீட்டில் பில் எண்ணோடு வைத்துக்கொள்ளுங்கள்.

4. தனியாக மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸில் இருக்கும் எக்செல்லில் எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்தால், அட்டவணையாகத் திறக்கவா, எந்த டேக் எங்கே என்று நீங்களே காட்டப்போகிறீர்களா என்று கேட்கும். காட்டுகிறேன் என்று தேர்ந்தெடுத்தால் டேக்குகளின் பட்டியல் பக்கத்தில் வரும். ஒவ்வொன்றையும் இழுத்துத் தலைப்புக் கட்டத்தில் விடலாம். அந்தப் பொருத்தம் அந்த எக்செல் கோப்பிலேயே தங்கும். அடுத்த மாதம் புதுக் கோப்பை மட்டும் உள்ளே இழுத்தால் போதும். லிப்ரே ஆபீஸில் டேட்டா மெனுவில் எக்ஸ்எம்எல் சோர்ஸ் என்று இதே வசதி இலவசமாகவே இருக்கிறது.

5. எஸ்எம்எஸ் பேக்கப் கோப்பில் தேதி இருக்கும் இடத்தில் பதின்மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். அது 1970 ஜனவரி 1 முதல் ஓடிய மில்லிசெகண்டுகள். எக்செல் தேதியாக்க அந்த எண்ணை 86400000-ஆல் வகுத்து, 25569-ஐக் கூட்டி, அதோடு 5.5/24-ஐயும் கூட்டுங்கள். கட்டத்தின் வடிவத்தைத் தேதி என்று மாற்றினால் நாளும் நேரமும் வந்துவிடும்.

கடைசியில் கூட்டும் அந்த 5.5/24 நம் இந்திய நேரத்துக்கான ஐந்தரை மணி. அதை விட்டுவிட்டால் நள்ளிரவு முதல் காலை ஐந்தரை வரை வந்த செய்தியெல்லாம் முந்தைய நாளில் போய் விழும். 1ஆம் தேதி விடியற்காலையில் கழியும் கடன் தவணை போன மாதக் கணக்கில் ஏறும். எனக்கு இரண்டு மாதம் அப்படித்தான் ஏறியது. ஏன் ஒரு மாதத்தில் தவணை இரண்டு முறை போகிறது என்று வீட்டில் ஒரு வாக்குவாதமே நடந்த பிறகு நேரத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

படிக்கும்படியான தேதியும் அதே டேக்கில் இன்னொரு பெயரில் இருக்கும். அது வெறும் எழுத்து, போனின் மொழிக்கும் அமைப்புக்கும் ஏற்ப மாறும். எண்ணையே நம்புங்கள்.

6. வங்கிச் செய்தியை அனுப்பியவர் பெயரை வைத்துப் பிரிக்கிறீர்களா? முழுப் பெயரும் பொருந்த வேண்டும் என்று விதி எழுதாதீர்கள். முன்னால் வரும் இரண்டு எழுத்து எந்த நெட்வொர்க், எந்த வட்டம் என்பதைக் குறிப்பது. அது மாறிக்கொண்டே இருக்கும். பின்னால், 2025-இல் டிராய் விதிப்படி இன்னோர் எழுத்தும் சேர்ந்துவிட்டது: விளம்பரத்துக்கு பி, சேவைக்கு எஸ், பணப் பரிமாற்றத்துக்கு டி, அரசுச் செய்திக்கு ஜி. முழுப் பெயரைப் பொருத்திய விதிகள் எல்லாம் அப்போது ஒரே நாளில் செத்துப் போயின. இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கும் வங்கியின் சுருக்கப் பெயரை மட்டும் பாருங்கள். அந்தக் கடைசி எழுத்தையும் வீணாக்க வேண்டாம். பி என்று முடிந்தால் கணக்கில் சேர்க்காதே என்று ஒரு விதி போட்டால் கடன் தருகிறோம் என்று வரும் விளம்பரமெல்லாம் தானாகக் கழிந்துவிடும்.

7. செய்திக்குள் இருக்கும் தொகையை எடுப்பதுதான் எல்லாவற்றிலும் நுணுக்கமான வேலை. விதிகளை எந்த வரிசையில் வைக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம்.

உதாரணத்துக்கு ஒன்று. உங்கள் கணக்கிலிருந்து 500 ரூபாய் டெபிட், இன்னார் கணக்கில் கிரெடிட் என்று ஒரே செய்தியில் இரண்டு சொல்லும் வரும். கிரெடிட் என்ற சொல் இருந்தால் வரவு என்று முதல் விதியை எழுதிவிட்டால், நீங்கள் கடைக்காரருக்குக் கொடுத்த பணமெல்லாம் வருமானமாக நிற்கும். ஆகவே டெபிட் விதி மேலே, கிரெடிட் விதி கீழே. மேலே பொருந்திவிட்டால் கீழே போகவே கூடாது என்றும் எழுதுங்கள்.

அதேபோலச் செய்தியின் கடைசியில் மீதி இருப்பும் வரும். ரூபாய்க் குறிக்குப் பின்னால் இருக்கும் எண் என்று மட்டும் எழுதினால் இரண்டும் பொருந்தும். முதலில் வருவதை மட்டும் எடு என்று சேர்க்க வேண்டும். ஓடிபி செய்தியிலும் தொகை இருக்கும். பணம் போவதற்கு முன்பே வருவது அது. ஓடிபி என்ற சொல் இருந்தால் விடு என்பது எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாக இருக்கட்டும்.

எந்த விதிக்கும் பொருந்தாத செய்தியைத் தூக்கி எறியாமல் "பொருந்தாதவை" என்று ஒரு ஷீட்டில் சேர்த்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்தால் அடுத்து எழுத வேண்டிய விதி எது என்று அதுவே காட்டும்.

8. போன் நம்பர், வங்கிக் கணக்கு எண், பின்கோடு இவை எண்கள்போல் தெரிந்தாலும் கூட்டிக் கழிக்கும் எண்கள் அல்ல. கோப்பை இழுப்பதற்கு முன்பே அந்தப் பத்திகளை டெக்ஸ்ட் என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் பெங்களூரின் 080 எக்செல்லில் 80 ஆகிவிடும். பதினைந்து இலக்கத்துக்கு மேல் போனால் மீதியை எக்செல் பூஜ்யமாக்கிவிடும்; பதினாறு இலக்க எண்ணின் கடைசி இலக்கம் போனால் போனதுதான்.

9. ஆதார் ஆஃப்லைன் கேஒய்சி கோப்பு ஜிப்பாக வரும். பதிவிறக்கும்போது நீங்கள் கொடுத்த நான்கு இலக்க ஷேர் கோடுதான் அதைத் திறக்கும் சாவி. உள்ளே முழு ஆதார் எண் இருக்காது. கடைசி நான்கு இலக்கமும், கோப்பு உருவான நாளும் நேரமும் சேர்ந்த ஒரு குறிப்பு எண் மட்டும் இருக்கும். பெயர், பிறந்த தேதி, பாலினம், முகவரி ஆகியவற்றை எடுத்துக் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரு ஷீட் போட்டு வைத்தால், பள்ளிச் சேர்க்கைக்கும் காப்பீட்டுக்கும் ஒவ்வொரு முறையும் தேட வேண்டியதில்லை. போட்டோ நீண்ட எழுத்துச் சரமாக இருக்கும். எக்செல்லின் ஒரு கட்டம் 32,767 எழுத்துக்கு மேல் தாங்காது. அதற்கு "விடு" என்றே விதி எழுதுங்கள். கோப்பில் மின்னணுக் கையொப்பம் உண்டு, ஓர் எழுத்து மாறினாலும் சோதனையில் தேறாது. அதனால் பிரதி எடுத்து அதில்தான் வேலை செய்ய வேண்டும்.

10. நம் பெயர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்ஷியலை முன்னால் போடுவது நம் வழக்கம். கர்நாடகத்தில் விண்ணப்பம் நிரப்பித் தந்தவர் பின்னால் போட்டிருப்பார். பாஸ்போர்ட்டுக்காக அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்ற இடத்தில் எழுதியிருப்பார்கள். எங்கள் வீட்டிலேயே மாமனாரின் பெயர் மூன்று ஆவணத்தில் மூன்று விதம். இடைவெளி இருக்கும் இடத்தில் பெயரை இரண்டாக வெட்டி முதல் பாதி பெயர், அடுத்த பாதி குடும்பப் பெயர் என்று எழுதும் விதி வடக்கத்திப் பெயர்களுக்குச் சரி வரலாம். தமிழ்ப் பெயருக்கு வைத்தால் ஒற்றை எழுத்து ஒரு மனிதரின் பெயராகிவிடும். வீட்டில் பாதிப் பேர் "கே" என்ற பெயரில் நிற்பார்கள்.

என் விதி இதுதான்: பெயரை வெட்டவே வெட்டாதே. ஆவணத்தில் உள்ளபடி என்று ஒரு பத்தி. அதற்குப் பக்கத்தில் அழைக்கும் பெயர், இன்ஷியல், இன்ஷியலின் விரிவு என்று மூன்று பத்தி. அவற்றை ஒருமுறை கையாலேயே நிரப்புங்கள். வீட்டில் ஆறேழு பேர்தானே. எந்தக் கம்ப்யூட்டரையும்விட அந்தந்தப் பெயரை வைத்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

11. முகவரிக்கு ஒரு மாற்றுப் பட்டியல் வையுங்கள். தமிழில் நாம் லிங்கராஜபுரம் என்கிறோம், கன்னடத்தில் லிங்கராஜபுர. ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு விதமும் வரும், நடுவில் ஓர் எழுத்து குறைந்தும் வரும். ஊர்ப் பெயரோ 2014 நவம்பர் 1-இல் பெங்களூரு என்று மாறியது. அதற்கு முந்தைய ஆவணங்களில் பழைய எழுத்துதான். இடது பத்தியில் கண்ணில் பட்ட எல்லா எழுத்தையும், வலது பத்தியில் நீங்கள் வைத்துக்கொள்ளும் ஒரே எழுத்தையும் எழுதுங்கள். கிராஸ் எண்ணும் மெயின் எண்ணும் தனித்தனிக் கட்டத்தில் இருந்தால் நல்லது. 4ஆவது கிராஸ் 2ஆவது மெயினும், 2ஆவது கிராஸ் 4ஆவது மெயினும் வேறு வேறு வீதி. தபால் மாறிப் போனவர்களுக்கு இது புரியும்.

12. டேலியில் ஏற்றுபவர்களுக்கு: இந்த மென்பொருளை உருவாக்கிய நிறுவனம் 1986-இல் தொடங்கியது, தலைமையகம் நம் பெங்களூரில்தான். எக்ஸ்எம்எல்லை நேரடியாகவே ஏற்றுக்கொள்ளும். லெட்ஜர்களை முதலில் ஏற்றி, வவுச்சரைப் பிறகு ஏற்றுங்கள். லெட்ஜர் பெயர் ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு ஆள்தான். தேதி கோடில்லாமல் 20250401 என்ற வடிவில் இருக்க வேண்டும். முக்கியமானது, டெபிட் தொகைக்கு முன்னால் கழித்தல் குறி வரும். பற்று என்றால் கூட்டல்தானே என்று நினைத்து அதை மாற்றினீர்களோ, வவுச்சர் தலைகீழாக நிற்கும்.

கம்மனஹள்ளிப் பக்கம் ஒரு துணிக்கடைக்கு நான் முதன்முதலில் ஏற்றியபோது இந்தக் குறியைத்தான் தவறவிட்டேன். வாங்கியதெல்லாம் விற்றதுபோல் நின்றது. கடைக்காரத் தம்பி, "அக்கா, இவ்வளவு லாபம் வந்திருந்தா நான் வாடகைக் கடையிலயா இருப்பேன்?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. அன்றிலிருந்து பழகுவதற்கென்று டேலியில் தனிக் கம்பெனி ஒன்று திறந்து வைத்திருக்கிறேன். ஐந்து வவுச்சர் அங்கே சரியாக நின்ற பிறகே அசல் கம்பெனியில் ஏற்றுவேன்.

13. கடைப் பெயரில் வரும் "&" குறி கோப்பையே திறக்கவிடாமல் செய்யும். அதற்குப் பதில் &#38; என்று எழுதுங்கள். சிறியது என்ற < குறிக்கு &#60;. சன்ஸ், பிரதர்ஸ் என்று பெயர் வைத்த கடைகள் நம் பகுதியில் ஏராளம் என்பதால் இதை விதித்தாளிலேயே ஒரு வரியாக்கிவிட்டேன்.

14. கன்னடத்தில் வந்த மின்வாரியச் செய்தியோ தமிழ்ப் பெயரோ கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். திறந்த விதம்தான் தவறு. யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்து மறுபடி திறந்து பாருங்கள். கேள்விக்குறியோடு சேவ் மட்டும் செய்துவிடாதீர்கள். பிறகு எழுத்து திரும்ப வராது.

15. மாற்றி முடித்ததும் இரண்டே சோதனை. கோப்பில் எத்தனை செய்தி, அட்டவணையிலும் "பொருந்தாதவை"யிலும் விதிப்படி விட்ட செய்திகளிலும் சேர்த்து எத்தனை என்று எண்ணுங்கள். எஸ்எம்எஸ் பேக்கப்பின் முதல் டேக்கிலேயே மொத்த எண்ணிக்கை எழுதியிருக்கும், சரிபார்க்க வசதி. அடுத்து, மாதத் தொடக்க இருப்போடு வரவைக் கூட்டிச் செலவைக் கழித்து, வங்கி காட்டும் இருப்போடு ஒப்பிடுங்கள். ஒரே பேக்கப்பை இரண்டு முறை ஏற்றிவிட்டால் இங்கேதான் பிடிபடும். அதைத் தடுக்க நேரம், அனுப்பியவர், தொகை மூன்றும் ஒன்றாக இருந்தால் இரண்டாவதை ஏற்காதே என்று ஒரு விதி.

16. எக்ஸ்எம்எல்லை எக்செல்லாக இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று இணையத்தில் நிறையப் பேர் கூப்பிடுவார்கள். உங்கள் எஸ்எம்எஸ் கோப்பில் வங்கி இருப்பு இருக்கிறது, ஆதார் கோப்பில் பிறந்த தேதியும் வீட்டு முகவரியும் முகமும் இருக்கின்றன. அவற்றை முன்பின் தெரியாத இடத்தில் ஏற்றாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டு யாராவது மாற்றித் தாருங்கள் என்று கேட்பதும் அதே ஆபத்துதான். வேலையெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே நடக்கட்டும். ஷேர் கோடையும் கோப்பையும் ஒரே செய்தியில் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

17. விதித்தாளில் ஐந்தாவதாக "ஏன்" என்று ஒரு பத்தி சேர்த்து, திருத்திய தேதியோடு ஒரு வரி காரணம் எழுதுங்கள். ஓடிபி விதி ஏன் மேலே, கிரெடிட் விதி ஏன் கீழே என்பது ஆறு மாதத்தில் உங்களுக்கே மறந்துவிடும். போன ஆடி மாதம் அம்மாவைப் பார்க்க வேலூர் போய்ப் பத்து நாள் தங்க வேண்டி வந்தது. பியூசி படிக்கும் மகள் அந்தத் தாளை மட்டும் பார்த்து மாதக் கணக்கை முடித்துவிட்டாள். திரும்பி வந்து பார்த்தால் கடைசியில் அவள் கையெழுத்தில் ஒரு புது வரி: மெட்ரோ கார்டு ரீசார்ஜ், போக்குவரத்துக் கட்டத்துக்கு, ஏன் என்ற பத்தியில், "பொருந்தாதவையில் நாலு தடவை வந்தது."